கேள்வியையும் சோதிப்போம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தினர் நமக்குத் தந்த தலைப்பு "பிள்ளை விருத்தி உளவியல்: கோட்பாடுகளும் ஆய்வுமுறைகளும்" என்பதாகும். பயிற்சிக் கலாசாலையில் படித்த ஆசிரியைகளுக்கு இந்தத் தலைப்பைக் கேட்டதும் பியாஜேயின் நான்கு பருவங்கள் நினைவுக்கு வரும். பரீட்சைக்கு முதல் நாள் அவற்றை மனனம் செய்த இரவும் நினைவுக்கு வரக்கூடும். இன்று அவற்றை மறுபடி ஒப்புவிக்கப் போவதில்லை. பிள்ளையிடம் எப்படிக் கேட்டார்கள், கேட்ட விதம் மாறியபோது விடை எப்படி மாறியது என்ற ஒரு கதையை மட்டும் சொல்ல விரும்புகிறோம். அதில் நமது கல்லூரிக்கும் நம் வீடுகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் எங்கள் கிளினிக்கில் நாங்கள் விட்ட பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தரம் ஒன்றில் படிக்கும் ஒரு சிறுமியை அவளுடைய தாயார் கூட்டி வந்தார். படிப்பில் மந்தம், வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று கடிதம் ஒன்றும் கொண்டு வந்திருந்தார். மேசையில் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து, எத்தனை என்று கேட்டோம். "ஐஞ்சு" என்றாள். மெல்லிய குரல். சரியாகக் கேட்கவில்லை என்பதால், "வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ, எத்தனை?" என்று மறுபடி கேட்டோம். "ஆறு" என்றாள். மூன்றாம் முறை கேட்டபோது "நாலு" என்றாள். எண் பற்றிய விளக்கம் வயதுக்கேற்ப இல்லை என்று அவளது பதிவில் எழுதினோம்.

அன்று மதியம் எங்கள் தாதி வந்து ஒரு செய்தி சொன்னார். வெளியே வாங்கில் இருந்தபோது அந்தப் பிள்ளை தாயிடம், "நான் என்ன சொன்னாலும் டொக்டர் பிழையெண்டு திரும்பித் திரும்பிக் கேக்கிறா" என்று சொல்லி அழுதாளாம். தாதி அவளைத் தேற்றுவதற்காக ரொபிப் பெட்டியைக் கொடுத்து, அங்கே இருந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுக்கச் சொன்னார். அவள் எழுந்து நின்று தலைகளை எண்ணி, தனக்கும் சேர்த்து ஏழு ரொபிகளை எடுத்துவிட்டுப் பெட்டியை மூடிக் கொடுத்தாள்.

அவளுடைய தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. வகுப்பில் ஒரு ஆசிரியை ஒரே கேள்வியை ஒரே பிள்ளையிடம் எப்போது திரும்பக் கேட்பார்? விடை பிழையாக இருக்கும்போதுதான். அந்தப் பாடத்தை அவள் நன்றாகவே படித்திருந்தாள். எங்கள் பதிவில் எழுதிய வரியை வெட்டித் திருத்தினோம். ஆனால் தாதி அந்தப் பக்கம் போயிராவிட்டால் அந்த வரி அங்கேயே இருந்திருக்கும். அவளோடு சேர்ந்து வளர்ந்திருக்கும்.

நாங்கள் விட்ட இந்தப் பிழை புதியதல்ல. பிள்ளை உளவியல் என்ற துறையே ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக இதனோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறது.

1904 இல் பிரான்சின் அரசு ஒரு குழுவை அமைத்தது. கட்டாயக் கல்வி வந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். சாதாரண வகுப்பில் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளை எப்படி இனங்காண்பது என்பதே கேள்வி. அதற்காக அல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905 இல் ஓர் அளவுகோலைத் தயாரித்தார்கள். இன்று நாம் நுண்ணறிவுச் சோதனை என்று சொல்பவற்றுக்கெல்லாம் மூதாதை அதுதான். விசேட உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடித்து அந்த உதவியைக் கொடுக்கவே அதை உண்டாக்கினார்கள். பிள்ளையின் அறிவு பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டது, கூட்டவே முடியாது என்று சொன்னவர்களை பினே வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் 1911 இல் காலமானார். அதன்பின் அந்த அளவுகோல் அமெரிக்காவுக்குப் போய், பிள்ளைகளுக்கு எண்ணாலான முத்திரை குத்தும் கருவியாக மாறியது. உதவி செய்ய உண்டான கேள்வி ஒதுக்கி வைக்கும் கேள்வியானது.

சில ஆண்டுகளின் பின் அதே பாரிஸ் நகரில், சிமோனின் ஏற்பாட்டில், சுவிற்சர்லாந்து இளைஞர் ஒருவர் பாடசாலைப் பிள்ளைகளிடம் சோதனை வினாக்களைக் கேட்டுப் பதிந்து கொண்டிருந்தார். அவர்தான் ஜோன் பியாஜே. நத்தை, சிப்பி வகைகளை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். சரியான விடைகளை எண்ணுவதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. ஆனால் பிழையான விடைகளே அவரது கவனத்தை ஈர்த்தன. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியாகப் பிழை விடுகிறார்கள். ஆகவே பிழைக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று கண்டார். 1921 இல் ஜெனீவா சென்று, பிள்ளைகளோடு இருந்து கதைத்து, ஏன் அப்படி நினைக்கிறாய் என்று விசாரிக்கும் முறையைக் கைக்கொண்டார். தன் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அவதானித்துக் குறிப்பெழுதினார். பிள்ளை குறைந்த அறிவுள்ள பெரியவர் அல்ல, அதற்கென்று வேறு விதமான சிந்தனை உண்டு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது பெருமளவில் அவரால்தான்.

அவரது புகழ்பெற்ற பரிசோதனைகளில் ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையாகக் கொட்டைகளை வையுங்கள். இரண்டும் சமமா என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். சமம் என்று சொல்லும். இப்போது ஒரு வரிசையை மட்டும் நீளமாக விரித்துவிட்டு, மறுபடி கேளுங்கள். நீளமான வரிசையில்தான் கூட என்று அநேகமான பிள்ளைகள் சொல்வார்கள். ஆறு, ஏழு வயது வரும் வரையில், தோற்றம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பது பிள்ளைக்குப் பிடிபடுவதில்லை என்று பியாஜே விளக்கினார்.

எங்கள் கிளினிக்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இங்கேயும் ஒரே கேள்வி இரண்டு தரம் கேட்கப்படுகிறது. 1974 இல் சுசான் ரோஸ், மேரியன் பிளாங்க் என்ற இருவர், வரிசையை விரித்த பிறகு ஒரே ஒரு தரம் மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். பிழைகள் குறைந்தன. அதே ஆண்டில் எடின்பரோவில் ஜேம்ஸ் மக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் இன்னொரு விதமாகச் செய்தார்கள். பெரியவர் வரிசையைத் தொடவில்லை. ஒரு குழப்படிக் கரடிப் பொம்மை பெட்டிக்குள் இருந்து பாய்ந்து வந்து வரிசையைக் குழப்பிவிட்டது. பிறகு கேட்டபோது, வழமையான முறையில் பிழை விட்டிருக்கக்கூடிய பல பிள்ளைகள் சமம் என்று சரியாகச் சொன்னார்கள். ஒரு பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு மறுபடி கேட்டால், அவர் மாற்றத்தைத்தான் கேட்கிறார் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. கரடி செய்த குழப்படியில் அப்படிப் பொருள் கொள்ள ஒன்றுமில்லை.

இன்னுமொன்று. மூன்று மலைகளின் மாதிரியை மேசையில் வைத்து, மறுபக்கம் இருக்கும் பொம்மைக்கு அவை எப்படித் தெரியும் என்று பியாஜேயும் பேர்பல் இன்ஹெல்டரும் கேட்டார்கள். சிறு பிள்ளைகள் தங்களுக்குத் தெரியும் காட்சியையே காட்டினார்கள். மற்றவரின் பார்வையில் நின்று பார்க்கத் தெரியாது என்பது முடிவு. பின்னர் மார்ட்டின் ஹியூஸ் என்பவர் மலைகளை எடுத்துவிட்டு இரண்டு சுவர்களைக் குறுக்காக வைத்தார். இரண்டு பொலிஸ்காரப் பொம்மைகளை நிறுத்தி, அவர்கள் கண்ணில் படாமல் இந்தப் பையனை ஒளித்து வை என்றார். மூன்றரை வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துக்கு ஒன்பது தரம் சரியாக ஒளித்தார்கள். மலைகளை அந்தப் பிள்ளைகள் அப்படிப் பார்த்ததில்லை. ஒளித்துப் பிடித்து விளையாட்டு அவர்களுக்குத் தெரியும். அதிலே மற்றவன் கண்ணுக்கு எது தெரியும் என்பதுதான் முழு விளையாட்டுமே.

பேசவே தெரியாத குழந்தையிடம் எப்படிக் கேட்பது? பியாஜே, துணியால் மூடிய பொருளைக் குழந்தை கையால் தேடுகிறதா என்று பார்த்தார். எட்டு மாதமளவில்தான் தேடத் தொடங்குகிறது. அதற்கு முன் கண்ணுக்கு மறைந்த பொருள் குழந்தைக்கு இல்லாமலே போய்விடுகிறது என்றார். ஆனால் தேடுவதற்குத் துணியை நீக்க வேண்டும், கையை நீட்ட வேண்டும், இரண்டையும் ஒழுங்குபடுத்த வேண்டும். தெரிந்தும் செய்ய முடியாமல் இருக்கலாம் அல்லவா? அமெரிக்காவில் ரொபேர்ட் பான்ட்ஸ் என்பவர், மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கு மேலே இரண்டு படங்களைத் தொங்கவிட்டு, ஒரு சிறு துவாரத்தினூடாக அதன் கண்களைப் பார்த்து, எந்தப் படத்தைக் கூடுதல் நேரம் பார்க்கிறது என்று கணக்கெடுத்தார். இது 1960 ஆம் ஆண்டையொட்டிய காலம். பிறந்த குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள், வெறும் நிறத்தை விடக் கோலங்களையும் முகம் போன்ற உருவங்களையும் அது விரும்பிப் பார்க்கிறது என்று அறிந்தார்கள். 1985 இல் ரெனே பாயார்ஜோனும் அவரது சகாக்களும், மறைந்திருக்கும் பெட்டியை ஊடுருவிக்கொண்டு ஒரு திரை சாய்வது போல ஒரு காட்சியைக் காட்டினார்கள். ஐந்து மாதக் குழந்தைகள் அந்த நடக்க முடியாத காட்சியைக் கூடுதல் நேரம் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்பது பற்றி ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனாலும் கையிடம் கேட்ட கேள்வியைக் கண்ணிடம் கேட்டபோது வேறு விடை வந்தது என்பது உண்மை.

சகோதரிகளே, இதையெல்லாம் பியாஜேயைக் குறைத்துச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. பிழையான விடைக்குக் காரணம் தேட வேண்டும் என்று நமக்குக் கற்பித்தவர் அவர்தான். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தப் பாடத்தை அவருடைய கேள்விகளுக்கே பொருத்திப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

ஒரு கேள்வி ஓர் ஊரில் சரியாக இருந்து இன்னோர் ஊரில் பிழைத்துப் போவதும் உண்டு. ஜோன் போல்பியோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வேர்த் 1954 இல் உகண்டா சென்றார். கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய், குழந்தை தாயோடு எப்படி ஒட்டுகிறது, தாய் எழுந்து போனால் என்ன செய்கிறது என்று மாதக்கணக்கில் அவதானித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் 26 குடும்பங்களை ஓராண்டு பின்தொடர்ந்தார். அங்கே அவர் அமைத்ததுதான் பாசப்பிணைப்பை அறியும் புகழ்பெற்ற பரிசோதனை. ஒரு வயதுக் குழந்தையும் தாயும் புதிய அறை ஒன்றுக்கு வருகிறார்கள். அறிமுகமில்லாத ஒருவர் வருகிறார். தாய் போகிறார், திரும்பி வருகிறார். ஒரு கட்டத்தில் குழந்தை தனியே விடப்படுகிறது. ஏறக்குறைய இருபது நிமிடங்களில் எட்டுக் காட்சிகள். தாய் போகும்போது அழுகிறதா என்பதை விட, தாய் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதையே அவர் முக்கியமாகக் கொண்டார்.

இந்தப் பரிசோதனையை 1980களில் ஜப்பானில் செய்தபோது பல குழந்தைகள் தேற்ற முடியாதபடி அழுதார்கள். அட்டவணைப்படி பார்த்தால் அவர்களது பிணைப்பு பாதுகாப்பற்றது. ஆனால் அந்தக் குழந்தைகள் அதுவரை தாயை விட்டு இருந்ததே அரிது. பால்டிமோர் குழந்தைக்குச் சிறு சங்கடமாக இருந்த மூன்று நிமிடத் தனிமை அவர்களுக்குப் பெரும் அதிர்ச்சி. கெய்கோ தகஹாஷி போன்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை எடுத்துக் காட்டினார்கள். நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். அம்மம்மாவின் மடியிலும் சித்தியின் இடுப்பிலும் மாமியின் தோளிலும் மாறி மாறி வளரும் பிள்ளையை அந்த அறைக்குள் விட்டால், எதைக் கண்டு என்ன முடிவெடுப்போம்? எயின்ஸ்வேர்த்தே அறைக்கு வருமுன் வீடுகளில் பல மணித்தியாலங்கள் இருந்து பார்த்தவர். அவரது அறையை எடுத்துக்கொண்டு, அந்த மணித்தியாலங்களை மறந்து விடுபவர்கள்தான் பிழை விடுகிறார்கள்.

அடுத்தது மாஷ்மலோ இனிப்புப் பரிசோதனை. வெளிநாட்டில் இருக்கும் நம் தோழிகள் வட்ஸ்அப்பில் அதிகம் அனுப்புவதும் இதைத்தான். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் முன்பள்ளியில் வோல்ட்டர் மிஷெல் 1960களின் பிற்பகுதியில் தொடங்கியது. ஒரு இனிப்பு முன்னால் இருக்கிறது; நான் வரும் வரை பொறுத்திருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விடுகிறார். பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்து விளங்கினார்கள் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. பொறுமை கற்பிக்கும் புத்தகங்கள் பெருகின.

2018 இல் ரைலர் வோட்ஸ், கிரெக் டங்கன், ஹோனன் குவான் ஆகிய மூவர், பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைக் கொண்டு இதை மறுபடி ஆராய்ந்தார்கள். தொடர்பு முன்பு கண்டதை விடச் சிறியதாக இருந்தது. குடும்பத்தின் வசதி, தாயின் கல்வி போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி போய்விட்டது. அதற்கு முன்பே 2013 இல் செலஸ்ட் கிட் என்பவரும் சகாக்களும் 28 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்திருந்தார்கள். ஒரு குழுவிடம், நல்ல வர்ணப் பென்சில்கள் கொண்டு வருகிறேன் என்று சொன்ன பெரியவர் சொன்னபடி கொண்டு வந்தார். மற்றக் குழுவிடம், மன்னிக்கவும், இல்லையாம் என்று வெறுங்கையோடு வந்தார். அதன்பின் இனிப்பை வைத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம். முதற் குழுவில் 14 பேரில் 9 பேர் கடைசி வரை காத்திருந்தார்கள். மற்றதில் ஒரே ஒருவர்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு மழையில் வலிகாமத்தை விட்டு நடந்த நம் வயதினருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சில நாளில் திரும்பி வந்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அதற்குப் பின், கையில் இருப்பதை உடனே உண்ட பிள்ளையைப் பொறுமையற்றது என்று யார் சொல்ல முடியும்? அந்தப் பிள்ளை தன் அனுபவத்திலிருந்து சரியாகக் கணக்குப் போட்டது. பிள்ளையின் குணம் என்று நாம் எழுதி வைப்பது சில வேளைகளில் நம்மைப் பற்றிய குறிப்பாக இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பின், ஒரு வைத்தியராக மறுபக்கத்தையும் சொல்லும் கடமை உண்டு. கேள்வியை மாற்றிக் கேட்டால் எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் வரும் என்று நாம் சொல்லவில்லை. காது கேளாத பிள்ளை உண்டு. கரும்பலகை தெரியாத பிள்ளை உண்டு. ஓட்டிசம் உள்ள பிள்ளை, எழுத்துகளை இனங்காண மிகவும் சிரமப்படும் பிள்ளை உண்டு. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர், தானாச் சரிவரும்" என்று சொல்லி ஆண்டுகளைப் போக்கிவிட்டு வரும் குடும்பங்களைக் கிளினிக்கில் காண்கிறோம். அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர யாராலும் முடியாது. பிள்ளை பிறந்ததும் தாயின் கையில் தரப்படும் சுகாதாரப் பதிவேட்டில் எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது. சந்தேகம் என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். உதவி கொடுக்கக் கேட்பது ஒரு விதம். ஒதுக்கி வைக்கக் கேட்பது இன்னொரு விதம். பினே வேண்டியது முதலாவதை.

பியாஜே பிறந்த அதே 1896 இல் பிறந்து, 37 வயதிலேயே காசநோயால் இறந்த ரஷ்ய அறிஞர் லெவ் வைகொட்ஸ்கி இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். இரண்டு பிள்ளைகள் சோதனையில் ஒரே புள்ளி எடுக்கிறார்கள் என்று வைப்போம். ஒரு சிறு உதவி, ஒரு தொடக்கப்படி, ஒரு கேள்வி கொடுத்துப் பார்க்கிறோம். ஒரு பிள்ளை சற்றே முன்னேறுகிறது. மற்றது வெகுதூரம் போய்விடுகிறது. அப்படியானால் இருவரும் ஒரே நிலையில் இருந்தார்கள் என்று சொல்லலாமா? தனியே செய்வதை மட்டும் அளந்தால் நேற்றைய வளர்ச்சி தெரியும்; உதவியோடு செய்வதைப் பார்த்தால் நாளைய வளர்ச்சி தெரியும் என்பது அவரது கருத்தின் சாரம்.

ஒரு நாளில் அளப்பதா, பல ஆண்டுகள் பார்த்திருப்பதா என்பதும் ஆய்வுமுறை பற்றிய கேள்விதான். ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955 இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னரும் ரூத் சிமித்தும் நாற்பது வயது வரையில் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, சிக்கலான பிரசவம், குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் அல்லது குடி எனப் பல பாதிப்புகளோடு வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். இரண்டு வயதிலோ பத்து வயதிலோ மட்டும் பார்த்திருந்தால் இவர்களைப் பற்றி ஒரே தீர்ப்புத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அவர்களிலும் மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் பொறுப்பும் உள்ள இளையவர்களாக வளர்ந்திருந்தார்கள். பதின்ம வயதில் தடுமாறியவர்களிலும் பலர் முப்பது வயதளவில் நிமிர்ந்துவிட்டார்கள். அப்படி நிமிர்ந்தவர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது, அவர்கள் மேல் அக்கறை வைத்த ஒரு மனிதர். சிலருக்கு அது பாட்டி, சிலருக்கு அயல்வீட்டார். பலருக்கு ஒரு ஆசிரியை.

இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு ரீச்சர் இருந்தார் என்று கைகளை உயர்த்தச் சொன்னால், கீழே இருக்கும் கைகளை எண்ணுவதுதான் இலகு.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். பத்து வயதில் ஒரு பிள்ளை ஒரு காலைப்பொழுதில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை, வறிய பிள்ளைக்குக் கைகொடுக்க வந்த நல்ல ஏற்பாடு. நம்மில் சிலர் அதனால்தான் படித்தோம். ஆனால் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்திருக்கிறது. வீட்டார் அயலவருக்கு முகங்கொடுக்கக் கூசுகிறார்கள். பினேயின் அளவுகோலுக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. பரீட்சையை நாம் மாற்ற முடியாது. அதன் விடையை எப்படி வாசிப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

ஆகையால் நூற்றாண்டை முன்னிட்டு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஆசிரியைகளுக்கும் வைத்தியர்களாகிய எங்களுக்கும். ஒரு பிள்ளைக்குத் தெரியாது என்று எழுதுவதற்கு முன் வேறொரு விதமாகக் கேட்டுப் பார்ப்போம். வேறு பொருளை வைத்து, வேறொருவரைக் கொண்டு, பிள்ளைக்குப் பழகிய விளையாட்டொன்றுக்குள் வைத்துக் கேட்போம். சரியான விடையையும் சில வேளைகளில் திரும்பக் கேட்டு, "சரிதான், எப்படிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று விசாரிப்போம். திரும்பக் கேட்பது தண்டனை அல்ல என்று பிள்ளைக்குப் பழக்குவோம்.

இரண்டாவது, சங்கத்துக்கு. பரிசளிப்புக்கு நிதி தரும் நம் கிளைகள், அதில் ஒரு பகுதியைத் தரம் ஒன்றுப் பிள்ளைகளின் கண்ணுக்கும் காதுக்கும் ஒதுக்க வேண்டும். பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் குறை கண்டுபிடிக்கப்பட்டும், கண்ணாடி வாங்க வழியில்லாமல் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை ஒன்றுகூட நம் கல்லூரியில் இருக்கக்கூடாது. முதற் பரிசுக் கேடயத்தின் விலையில் ஒரு கண்ணாடி வாங்கலாம்.

மூன்றாவது, லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பிள்ளை வளர்க்கும் நம் சகோதரிகளுக்கு. வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு, மொழி பிந்தியிருக்கிறது என்று சொன்னால், இரண்டு மொழியிலும் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். பிள்ளை தமிழில் அறிந்திருக்கும் சொற்களும் அறிவுதான். அதே வேளை, இரண்டு மொழியிலும் சிரமம் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உதவியைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை.

அந்தப் புளியங்கொட்டைச் சிறுமி அதன்பின்னும் எங்களிடம் வந்தாள். காதைச் சோதித்தோம், கேள்விப்புலன் நன்றாகவே இருந்தது. அவளது ஆசிரியையோடு தொலைபேசியில் கதைத்தோம். அவர் அவளைக் கடைசி வாங்கிலிருந்து முன்னுக்கு எடுத்து, கொப்பிகளை எண்ணிக் கொடுக்கும் வேலையை அவளிடம் ஒப்படைத்தார். அடுத்த தடவை வந்தபோது, ஆறு மாதத்துக்கு முன் எங்கள் மேசையில் இருந்த கொட்டைகளைப் பற்றி அவளே கேட்டாள். எடுத்து வைத்தோம். எண்ணவில்லை; எங்களைப் பார்த்து, "இப்ப நீங்கள் சொல்லுங்கோ, எத்தனை?" என்றாள். "ஐந்து" என்றோம். "வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

நாங்கள் மறுபடி எண்ணிப் பார்த்தோம். அந்த ஒரு கணம் எங்களுக்கும் சந்தேகம் வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.